தூணை வாங்கினால் வீடு வந்துவிடாது

பண்ணை வீடு கட்ட நினைக்கும் வசதியானவர்கள் பலர் முதலில் போவது காரைக்குடிக்கு. அங்குள்ள பழம்பொருள் கடைகளில் பர்மாத் தேக்குத் தூண் நான்கும் செதுக்கு வேலை செய்த நிலைக்கதவு ஒன்றும் வாங்கிவிட்டால், பாரம்பரிய வீடு பாதி முடிந்தது என்று நம்புகிறார்கள். இந்த நம்பிக்கை தவறு. கேடும்கூட.

அந்தத் தூண் எங்கிருந்து வந்தது? இடித்த வீட்டிலிருந்து. பங்காளிகள் பலருக்குச் சொந்தமாகி, ஆளுக்கொரு ஊரில் அவர்கள் இருக்க, உடைந்த ஓட்டை மாற்றவும் நாதியில்லாமல் போன வீடு. காரைக்குடியைச் சுற்றியுள்ள செட்டிநாட்டு ஊர்கள் 2014 முதல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரிய உத்தேசப் பட்டியலில் இருக்கின்றன. வீடுகளோ தூண் தூணாக லாரி ஏறுகின்றன. வாங்க ஆள் இருப்பதால்தான் இடிப்பதில் லாபம் இருக்கிறது.

கொண்டுபோன தூண் புது இடத்தில் என்ன செய்கிறது? கான்கிரீட் கூரைக்கடியில் எதையும் தாங்காமல் நிற்கிறது. பழைய வீட்டைக் குளிர்ச்சியாக வைத்திருந்தது முற்றம். சூடான காற்று அதன் வழியே மேலேறிப் போகும். தாழ்வாரத்து நிழல் வெயிலைத் தடுக்கும். தடித்த சுவர் வெக்கையை மெதுவாகத்தான் உள்ளே விடும். புதுப் பண்ணை வீட்டிலோ அந்த முற்றத்தைத்தான் கண்ணாடியோ பாலிகார்பனேட் தகடோ போட்டு மூடுகிறார்கள். வெயில் இறங்கும், சூடு வெளியேறாது. பிறகு அறைக்கு அறை ஏசி. இதற்குப் பெயர் பாரம்பரியமா?

அந்த வீடுகளைக் கட்டிய செட்டிநாட்டு நகரத்தார் பழசைத் தேடி அலைந்தவர்கள் அல்லர். கடல் கடந்து வணிகம் செய்து, பர்மாவிலிருந்து தேக்கும் இத்தாலியிலிருந்து சலவைக்கல்லும் தருவித்தார்கள். தரையில் பதிக்கும் ஆத்தங்குடிக் கல் அன்றைக்குப் புதுச் சரக்கு. கண்ணாடித் தகட்டின்மேல் வண்ணக் கலவையை ஊற்றி, மணலும் சிமென்ட்டும் நிரப்பி, சூளையில் சுடாமல் தண்ணீரில் ஊறவைத்து உலர்த்துவார்கள். ஆத்தங்குடியில் இன்றும் அது கைவேலைதான். தூணுக்குக் கொடுக்கும் பணத்தை அந்தத் தொழிலாளர்களிடமும், சுண்ணாம்புப் பூச்சு தெரிந்த கொத்தனாரிடமும் கொடுக்கலாமே.

திறந்த முற்றத்தில் மழை அடிக்கும், திருடன் இறங்குவான் என்பார்கள். பழைய வீடுகளிலேயே இதற்கு வழி கண்டிருக்கிறார்கள். மேலே இரும்புக் கம்பி போடுங்கள். தாழ்வாரத்தை அகலமாக வைத்தால் சாரல் அறைக்குள் வராது. கொசுவுக்கு அறை வாசலில் வலை போதும். முற்றத் தரையை வாட்டமாகப் போட்டு, விழும் மழைநீரைத் தொட்டிக்குத் திருப்புங்கள். பொறியாளரிடம் முதலில் பேச வேண்டியது இவற்றைத்தான்.