கல் விரிந்தால் கலங்கலாமா?

கொங்கு நாட்டில், நொய்யலாற்றின் கரையில் அமைந்துள்ள கொடுமணல், பண்டைக் காலத்தில் மணிகள் செய்யும் ஊராக விளங்கியது. பதிற்றுப்பத்து ‘கொடுமணம்’ எனக் குறிப்பிடும் ஊர் இதுவே என்பர் அறிஞர். 1985ஆம் ஆண்டு முதல் அங்கு நடைபெற்ற அகழாய்வுகளில் ஸ்படிகம், சூதுபவளம், அகேட், நீலம் முதலிய கற்களும், அவற்றைத் துளையிட்டு மணியாக்கிய தடயங்களும் கிடைத்தன. திருப்பூரை அடுத்த காங்கேயம், படியூர்ப் பகுதிகள் இன்றும் கற்களுக்குப் பெயர்பெற்றவை.

ஸ்படிகம், சூதுபவளம், அகேட் ஆகிய மூன்றும் சிலிக்கா என்னும் ஒரே பொருளால் ஆனவை. ஓபல் கல்லும் அக்குடும்பத்தைச் சேர்ந்ததே. கல் எனப் பொருள்படும் ‘உபல’ என்ற வடசொல்லிலிருந்து இப்பெயர் பிறந்தது என்பர். மண்ணுள் இறங்கும் நீர், பாறையிலுள்ள சிலிக்காவைக் கரைத்துச் சென்று வெடிப்புகளில் தேங்கும். கூழாக உறைந்து, காலப்போக்கில் இறுகி ஓபலாகும். அந்நீரில் ஒரு பகுதி கல்லினுள்ளேயே தங்கிவிடும். பெரும்பாலும் அது எடையில் நூற்றுக்கு 3 முதல் 10 பங்கு வரை இருக்கும்.

உள்ளிருக்கும் நுண்ணிய சிலிக்கா உருண்டைகள் சீராக அடுங்கியிருந்தால் கல்லில் வானவில் நிறங்கள் மின்னும். அவ்வொழுங்கு இல்லையேல் பால்நிறமாகவோ தேன்நிறமாகவோ அமைதியாகத் தோன்றும். பின்னதே சாதாரண ஓபல். மின்னவில்லை என்பதற்காக அதனைப் போலி என்று ஒதுக்குதல் தகாது.

சுக்கிரனுக்கு உகந்தது எனக் கருதி ஓபல் மோதிரம் அணிவோர் உளர். அக்கல்லில் ஒருநாள் மெல்லிய விரிசல் கண்டால், குடும்பத்திற்குத் தீங்கு நேருமோ என்று அஞ்சிப் பரிகாரம் தேடுவோரும் உளர். அவ்வச்சம் வேண்டுவதில்லை. வெப்பத்தாலும் வறட்சியாலும் உள்ளிருக்கும் நீர் குறையும்போது கல் சுருங்கி விரிகிறது. அது கல்லின் இயல்பேயன்றி அபசகுனம் அன்று.

ஆகவே கற்பூர ஆரத்தி காட்டும்போதும், அடுப்படியில் நிற்கும்போதும் மோதிரத்தைக் கழற்றி வைத்தல் நலம். ஸ்படிகத்தின் கடினத்தன்மை 7, ஓபலுக்கோ 5.5 முதல் 6.5 வரையே. தூசியில் கலந்துள்ள நுண்மணல் ஸ்படிக இனத்தது ஆதலால், உலர்ந்த துணியால் அழுத்தித் துடைத்தால் கீறல் விழும். ஈரமான மென்துணியால் ஒற்றி எடுத்தலே முறை. வெந்நீர், புளி, எண்ணெய், வாசனைத் தைலம் ஆகியவை படலாகாது. சில மோதிரங்களில் மெல்லிய ஓபல் தகட்டை வேறொரு கல்லின் மேல் ஒட்டியிருப்பர். அவற்றைப் பாலிலோ நீரிலோ ஊறவைத்தால் ஒட்டு விட்டுப்போகும். பிற நகைகளோடு உரசாதவாறு பருத்தித் துணியில் சுற்றித் தனியே வைக்க வேண்டும்.

விரிந்த கல்லை வேண்டுமெனில் மாற்றிக்கொள்ளலாம்; மனத்தை வருத்திக்கொள்ள வேண்டா. காப்பவன் இறைவன், கல்லைக் காப்பது நம் கடமை.