பூனைக் கண்ணும் என் சொட்டு மருந்தும்

எங்கள் வீட்டுச் செல்லாயியின் இடது கண்ணில் சின்னதாய் ஒரு வெள்ளைத் தழும்பு உண்டு. வருகிறவர்கள் எல்லாம், "கண்ணுல பூ விழுந்திருக்கே, பிறவியிலேயேவா?" என்று கேட்பார்கள். "இல்லைங்க, நான் செஞ்சது" என்பேன். அந்தக் கதையைத்தான் இன்று எழுத உட்கார்ந்தேன்.

ஒரு ஐப்பசி மழையில் கொல்லைப்புறம் வந்து சேர்ந்த குட்டி அது. இரண்டு கண்ணும் பீளை கட்டி ஒட்டிக் கிடந்தன. ஓயாத தும்மல். என் மனைவி வெந்நீரை ஆறவைத்து, பஞ்சால் துடைத்துத் துடைத்துக் கண்ணைத் திறக்க வைத்தாள். உடம்பு தேறிவிட்டது. ஆனால் கண்ணீர் மட்டும் போவதும் வருவதுமாக இருந்தது.

திருமங்கலத்தில் ஆடிக்காற்று எப்படி அடிக்கும் என்று உங்களுக்குத் தெரியும். கரிசல் புழுதியில் நமக்கே கண் கரிக்கும். 'தூசிதான்' என்று நானே தீர்ப்புச் சொல்லிவிட்டேன். பக்கத்து வீட்டுப் பெண், "நந்தியாவட்டைப் பூவ கண்ணுல ஒத்தி எடுங்க மாமா" என்றாள். எதிர்வீட்டு அம்மா தாய்ப்பால் என்றார். படித்தவன் நான், அதையெல்லாம் கேட்பேனா? அதைவிட மோசமானதைச் செய்தேன்.

நாலு மாதம் முன்பு எனக்குக் கண்புரை ஆபரேஷன் ஆகியிருந்தது. மிச்சச் சொட்டு மருந்து ஃப்ரிட்ஜ் கதவில் இருந்தது. மனுஷக் கண்ணுக்கே போடுவது, பூனைக்கு என்ன செய்துவிடும் என்று மூன்று நாள் விட்டேன். மறுநாளே சிவப்பு குறைந்தது. பெருமையாக இருந்தது. நாலாம் நாள் செல்லாயி கட்டிலடியில் போய் உட்கார்ந்துகொண்டது. வெளிச்சம் பட்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டது. கண்ணைத் திறக்கவே இல்லை.

கூடையில் வைத்துக் கால்நடை மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு ஓடினேன். ஒரு சின்னத் தாள் துண்டால் கண்ணில் சாயம் தொட்டு, நீல வெளிச்சம் அடித்துக் காட்டினார். கருவிழியில் ஓரிடம் பச்சையாக ஒளிர்ந்தது. "புண் சார். வேற ஏதாச்சும் போட்டீங்களா?" என்றார். புட்டியை எடுத்து நீட்டினேன். பெயரைப் படித்துவிட்டு, "இதுல ஸ்டீராய்டு இருக்கு சார்" என்றார். அவ்வளவுதான் சொன்னார். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

பிறகு விளக்கினார். இப்படி விட்டு விட்டுக் கண் வடியும் பூனைகளில் பலவற்றுக்குக் காரணம் பூனைகளுக்கே உரிய ஒரு ஹெர்ப்பிஸ் வைரஸ். 1958-லேயே கண்டுபிடித்துவிட்டார்கள். குட்டியில் தொற்றினால் சளியும் தும்மலும் பீளையுமாக வந்து அடங்கும். ஆனால் உடம்பை விட்டுப் போகாது, நரம்பில் பதுங்கிக்கொள்ளும். பூனைக்கு மிரட்சியோ அலைச்சலோ வந்தால் மறுபடி தலையெடுக்கும். ஸ்டீராய்டு சிவப்பை அடக்கும், உடம்பின் எதிர்ப்பையும் சேர்த்து அடக்கும். வைரஸுக்குக் கொண்டாட்டம். நான் பார்த்துப் பெருமைப்பட்ட 'குணம்' அதுதான்.

மூன்று வாரம் மாத்திரை, வேறு சொட்டு மருந்து, கழுத்தில் கூம்பு. கண் பிழைத்தது, தழும்பு நின்றுவிட்டது.

மதுரைச் சீமைக்காரர்களான நமக்குக் கண்ணின் அருமையைச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஊரின் தெய்வமே அங்கயற்கண்ணி. 1976-ல் டாக்டர் வெங்கடசாமி 11 படுக்கையோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனையை உலகமே வந்து பார்க்கிறது. நம் கண்ணில் உறுத்தல் என்றால் அன்றைக்கே பஸ் ஏறுகிறோம். பூனை என்றால் மட்டும் 'அது தானா சரியாயிரும்' என்கிறோம், இல்லை வீட்டு மருந்து டப்பாவைத் திறக்கிறோம். இது சரியில்லை என்பதுதான் என் கட்சி. காய்ச்சல் மாத்திரை பாராசிட்டமால்கூடப் பூனைக்கு விஷம், ஒன்றே உயிரை எடுத்துவிடும்.

எல்லாக் கண்ணீரும் வைரஸ் இல்லை. புகை, தூசி, பாக்டீரியா, கண்ணீர்க் குழாய் அடைப்பு, பெர்ஷியன் பூனையின் சப்பை முகம் என்று காரணம் பல. அதைப் பிரித்துச் சொல்ல வேண்டியவர் மருத்துவர். நம் வேலை, காய்ச்சி ஆறிய நீரில் நனைத்த பஞ்சால், கண்ணுக்கொரு பஞ்சாக, துடைப்பது. கொசுவர்த்தி, சாம்பிராணிப் புகையைத் தள்ளி வைப்பது. கண்ணை இடுக்கினாலோ, பீளை மஞ்சளாகவோ பச்சையாகவோ வந்தாலோ அன்றே கூட்டிப்போவது. குட்டி 2 மாதமானதும் தடுப்பூசி தொடங்கிவிடுவது. அது தொற்றை முழுக்கத் தடுக்காது, கடுமையைக் குறைக்கும்.

கண் வடிகிற குட்டியைப் பார்த்து, 'பேரப்பிள்ளைகளுக்கு ஒட்டிக்கும்' என்று சாக்கில் கட்டிச் சந்தைப்பக்கம் விடுகிறார்கள். அந்த ஹெர்ப்பிஸ் வைரஸ் மனிதருக்கு ஒட்டாது. தொட்டபின் சோப்புப் போட்டுக் கை கழுவினால் போதும்.

இப்போதும் தீபாவளிக்கு வெடிச்சத்தம் கேட்டால் செல்லாயிக்கு ஒரு வாரம் கண் கலங்கும். அன்று ராத்திரி உள்ளறைக் கதவைச் சாத்தி, அதன் பக்கத்தில் நான் உட்கார்ந்துகொள்வேன். பாதி நோய்க்கு அதுவே மருந்து.

உங்கள் ஃப்ரிட்ஜ் கதவிலும் மிச்சச் சொட்டு மருந்து இருக்கும். திறந்து ஒரு மாதம் தாண்டியிருந்தால் அது உங்களுக்கே ஆகாது. இன்றைக்கே எடுத்துப் போட்டுவிடுங்கள்.