குளிர்ந்த ஓரிரவும் தென்னங்குருத்தும்



நமது வளவில் நிற்கும் தென்னையைப் பார்த்து, “இதற்குக் குளிருமோ?” என்று நாம் ஒருபோதும் எண்ணியதில்லை. வண்டு துளைக்குமோ, குரும்பை உதிருமோ, மழை பொய்க்குமோ என்பவைதான் நம் கவலைகள். ஆனால் இன்று நம்மவர் பிள்ளைகள் பலர் தூர தேசங்களில் குடியிருக்கின்றார்கள். போன இடத்திலும் வாசலில் ஒரு தென்னம்பிள்ளை நிற்க வேண்டும் என்ற ஆசை அவர்களை விடுவதில்லை.

வாசகி ஒருவர் எழுதியிருக்கின்றார். அவருடைய மகள் அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில் ஒர்லாண்டோ நகரில் இருக்கின்றார். ஆறு வருடமாக வளர்த்த தென்னை, குளிர்கால இரவுகள் இரண்டின் பின்னர் ஓலை முழுவதும் பழுத்துக் கருகிவிட்டதாம். அயலவர்கள் வெட்டிவிடச் சொல்கின்றார்களாம். “வெட்டத்தான் வேண்டுமா?” என்பது அவருடைய கேள்வி. ஒரு மரத்தின் உயிர் சம்பந்தப்பட்ட கேள்வி என்பதால் சற்று விரிவாகவே பார்ப்போம்.

புளோரிடா நீண்ட குடாநாடு. அதன் தென்கோடியில் மியாமி நகரமும், நடுப்பகுதியில் ஒர்லாண்டோவும் இருக்கின்றன. 1878ஆம் ஆண்டு ஜனவரியில் ‘புரொவிடென்சியா’ என்ற ஸ்பானியக் கப்பல் ஏறத்தாழ இருபதாயிரம் தேங்காய்களுடன் அதன் தென்கிழக்குக் கரையில் தரைதட்டியது. அங்கு குடியேறியிருந்தவர்கள் அத்தேங்காய்களை எடுத்து நட்டார்கள். அந்த ஊருக்குப் ‘பாம் பீச்’ என்று பெயர் வந்த கதை இதுதான். அந்தத் தென்கரையோரத்தில் தென்னை இன்றும் நன்றாகக் காய்க்கின்றது. ஆனால் வடக்கே செல்லச் செல்ல அதன் வாழ்வு வருடா வருடம் ஒரு பந்தயம்தான்.

காரணம் என்ன? ஆசியாவில் வடக்கேயிருந்து வரும் கடுங்குளிர்க் காற்றை இமயமலை மறித்து நிற்கின்றது. நமது நாடு அதற்கும் வெகு தெற்கே, நாற்புறமும் கடல் சூழ்ந்து கிடக்கின்றது. வட அமெரிக்காவிலோ வடதுருவப் பக்கத்திலிருந்து தெற்கே வளைகுடா வரையில் குறுக்கே மறிக்கும் மலைத்தொடர் எதுவும் இல்லை. ஆகவே வடக்கே தேங்கிய குளிர் சில நாட்களில் அப்படியே இறங்கி வந்துவிடுகின்றது. வருடத்தில் முன்னூற்று அறுபது நாள் வெயில் அடித்தாலும், மிகுதி நான்கைந்து இரவுகளே மரத்தின் தலைவிதியைத் தீர்மானிக்கின்றன.

1894 டிசம்பரிலும் 1895 பெப்ரவரியிலும் அடுத்தடுத்து வந்த குளிர், புளோரிடாவின் தோடந் தோட்டங்களை அழித்துப் பல குடும்பங்களை ஊரைவிட்டே கிளப்பியது. 1977 ஜனவரி 19ஆம் திகதி மியாமிப் பகுதியிலேயே பனித்தூறல் விழுந்தது. 1989 டிசம்பரிலும் கடுங்குளிர் வந்தது. 2010 ஜனவரியில் குளிர் ஏறத்தாழ இரண்டு வாரம் நீடித்தது. உடும்பைப் போன்ற இகுவானாக்கள் விறைத்து மரங்களிலிருந்து விழுந்தன. 2021 பெப்ரவரியில் டெக்சாஸ் மாநிலத்தின் சான் அன்ரோனியோ நகரில் வெப்பநிலை மைனஸ் 10 பாகை செல்சியசுக்கும் கீழே இறங்கியது. வீதியோரங்களில் ஓங்கி வளர்ந்திருந்த விசிறி ஓலைப் பனைகள் பல பட்டுப்போயின. உலகம் சூடேறி வருகின்றது என்பது உண்மைதான். ஆனால் அதனால் இத்தகைய குளிர் இரவுகள் அடியோடு நின்றுவிடவில்லை. சில வருட மிதமான குளிரை நம்பி, வடக்கே வடக்கே தள்ளி நடுபவர்களே அதிகம் இழக்கின்றார்கள்.

குளிர் மரத்தை என்ன செய்கின்றது? குளிர்ந்த நாளில் போத்தலில் தேங்காயெண்ணெய் கட்டியாகி நிற்பதை நீங்கள் கண்டிருப்பீர்கள். தாவரத்தின் ஒவ்வொரு கலத்தையும் சுற்றி ஒரு மெல்லிய கொழுப்புப் படலம் உண்டு. வெப்பநாட்டுத் தாவரங்களில் அந்தப் படலம் குளிரில் இறுகித் தன் வேலையைச் செய்யத் தவறுகின்றது. வேரும் தண்ணீர் இழுப்பதைக் குறைத்துக்கொள்கின்றது. உறைபனி ஏற்படும் முன்னரே தென்னை நோய்ப்படுவது இதனால்தான். வெப்பநிலை பூச்சியத்துக்குக் கீழே போனாலோ, கலங்களுக்கு இடையே பனிக்கட்டி உண்டாகிக் கலத்திலுள்ள நீரை உறிஞ்சிவிடுகின்றது. படலம் கிழிகின்றது. காலையில் வெயில் ஏறியதும் ஓலை வெந்த கீரைபோல் துவண்டு, பின்னர் கருகுகின்றது.

மாமரமானால் கொப்பு பட்டாலும் அடியிலிருந்து துளிர்க்கும். தென்னைக்கு அந்த வசதி இல்லை. அதற்கு உள்ளது ஒரேயொரு வளரும் முனை. அது குருத்தின் அடியிலே, ஓலை மட்டைகளின் நடுவே பொதிந்து கிடக்கின்றது. அந்த முனை பிழைத்தால் மரம் பிழைத்தது, அது அழுகினால் மரம் முடிந்தது. ஓலை எத்தனை கருகினாலும் அது மரத்தின் மரணம் அல்ல.

எனவே அந்தச் சகோதரிக்கு நமது பதில்: அவசரப்பட்டு வெட்ட வேண்டாம்.

கருகிய ஓலைகளைக்கூட உடனே நீக்க வேண்டாம். மட்டையில் எஞ்சியிருக்கும் பச்சை மரத்துக்கு உணவு தருகின்றது. காய்ந்த ஓலையும் அடுத்த குளிருக்குக் குருத்தைப் போர்த்தி நிற்கும். புளோரிடாவில் மார்ச் பிந்தி, குளிர்ப்பயம் நீங்கிய பின்னர் வெட்டலாம்.

இரண்டாவதாக, விரியாத குருத்தோலையைப் பிடித்து மெதுவாக இழுத்துப் பார்க்க வேண்டும். அசையாமல் உறுதியாக நின்றால் நல்ல அறிகுறி. கையோடு கழன்று வந்து, அடியில் நாற்றமும் சேறுமாக இருந்தால் அழுகல் தொடங்கிவிட்டது. குளிரால் புண்பட்ட இடத்தில் பங்கசும் பற்றீரியாவும் புகுந்திருக்கின்றன. அப்போதும் கைவிட வேண்டியதில்லை. அழுகியதைச் சுத்தமாக நீக்கி, தேங்கிய நீரை வடித்து, செம்பு கலந்த பங்கசு கொல்லி மருந்தை மருந்துறையில் சொன்ன அளவில் விட்டு, மீண்டும் ஒரு முறை சில நாள் கழித்து விடலாம். செம்பு மிகுந்தால் அதுவே நஞ்சாகும், அளவு தாண்டக் கூடாது. மேலிருந்து தண்ணீர் தெளிப்பதையும் நிறுத்திவிட வேண்டும்.

மூன்றாவதாக, குளிர்ந்த மண்ணில் பசளையைக் கொட்டுவதால் பயனில்லை. வேர் உறங்கிக் கிடக்கும்போது அதை உண்பது யார்? மண் சூடேறிய பின்னர் கொடுக்கலாம். ஆனால் கோடையிலேயே பொற்றாசியம் சரிவரக் கிடைத்த மரம் குளிரைக் கூடுதலாகத் தாங்கும் என்பதை நினைவில் வைக்க வேண்டும். குளிருக்குப் பின் வரும் முதல் ஓலைகள் குறுகி, சுருங்கி, நுனி கருகி வரலாம். குருத்துக்குள் இருந்தபோது பட்ட காயம் அது. மண் குளிர்ந்திருந்தபோது மங்கனீசுச் சத்துக் கிடைக்காததும் காரணமாகலாம். அதைப் புது நோய் என்று பயந்துவிடாதீர்கள். நடுக்கோடை வரை பொறுத்திருந்து, பச்சைக் குருத்து எழுகின்றதா என்று பாருங்கள். அதன் பின்னரும் எழாவிட்டால் வெட்டலாம்.

ஓர் எச்சரிக்கை. தென்னைத் தண்டு தன் உள்காயத்தைப் புதிய இழையத்தால் மூடிக்கொள்ளாது. வெளியே பச்சையாக நின்ற மரம், பல மாதங்களின் பின் வெயில் காலத்தில் திடீரெனத் தலை சாய்ந்து விடுவதும் உண்டு. வீட்டுக் கூரையோரம், பிள்ளைகள் விளையாடும் இடத்தோரம் நிற்கும் மரமாயின் ஒரு வருடமாவது கண்காணிக்க வேண்டும்.

வருமுன் காப்பது எப்படி? காற்றில்லாத, வானம் தெளிந்த இரவில்தான் நிலத்தின் சூடு மேலே தப்பி ஓடி உறைபனி விழும். அப்படிப்பட்ட இரவில் சிறிய பிள்ளையை ஒரு பழைய போர்வையால் நிலம்வரை மூடிவிட்டால் மண்ணின் சூடு உள்ளே நிற்கும். பொலித்தீன் ஓலையில் ஒட்டினால் ஒட்டிய இடம் கருகும், ஆகவே துணியே நல்லது. முதல் நாளே மண்ணை நன்கு நனைத்துவிட வேண்டும், ஈரமண் சூட்டைப் பிடித்து வைத்திருக்கும். சூடு தரும் பழைய வகை மின்குமிழ்களை உள்ளே கட்டுவோரும் உண்டு. இப்போதைய எல்.ஈ.டி. குமிழில் அந்தச் சூடு இல்லை. போர்வைக்குள் மண்ணெண்ணெய் விளக்கு வைப்பது வீட்டையே எரித்துவிடும், வேண்டாம். காலையில் போர்வையை எடுத்துவிடுங்கள். ஆனால் பலத்த குளிர்காற்று வீசும் நாளில் போர்வையும் பெரிதாக உதவாது. சாடியில் வளரும் கன்றை வீட்டுக்குள் தூக்கி வைப்பதே வழி.

குளிர் தாங்கும் இனங்களும் இல்லாமலில்லை. புளோரிடாவின் மாநில மரமாகிய ‘சபால்’ பனை, சீனத்துக் காற்றாடிப் பனை, முட்கள் நிறைந்த ஊசிப் பனை ஆகியவை தென்னை மடியும் குளிரில் சாதாரணமாக நிற்கும். காத்தான்குடிப் பிரதான வீதியில் நாம் காணும் பேரீத்த மரமும் பூச்சியத்துக்குக் கீழே சில பாகை குளிரைத் தாங்கும். பாலைவனத்து இரவுகளுக்கென்று படைக்கப்பட்ட மரமல்லவா அது! ஆனால் பழம் முதிரும் காலத்தில் அதற்கு வரண்ட காற்று வேண்டும். புளோரிடாவின் ஈரக்காற்றில் மரம் அழகாக நிற்கும், நல்ல பழத்தை எதிர்பார்க்க முடியாது.

தூரத்தைப் பார்க்கத் தேவையில்லை. நம் நாட்டிலேயே நுவரெலியாவுக்குச் சென்று ஒரு தென்னந்தோப்பைத் தேடிப் பாருங்கள். ஜனவரி, பெப்ரவரியில் தேயிலைத் தளிரின்மேல் உறைபனி படியும் அந்த உயரத்தில் தென்னந்தோப்பு இல்லை. கொழுந்து கருகிய நாளில் கூலி இழக்கும் தாய்மாருக்குக் குளிரின் பொருள் நன்றாகத் தெரியும்.

தூரத்தில் இருக்கும் உங்கள் பிள்ளைகள் மரம் நட ஆசைப்பட்டால் தடுக்காதீர்கள். அந்த ஊரில் கடந்த முப்பது நாற்பது வருடத்தில் விழுந்த மிகக் குறைந்த வெப்பநிலை எது என்று முதலில் விசாரித்துவிட்டு, அதைத் தாங்கும் மரத்தை நிலத்தில் நடச் சொல்லுங்கள். தென்னைமீது ஆசை அடங்காவிட்டால் அதைச் சாடியில் வைக்கட்டும். ஆசைக்கும் ஓர் அளவு வேண்டும், அந்த அளவைச் சொல்வது அந்த மண்ணும் காற்றுமே.