ஒரு சிட்டிகை உப்பு, ஒரு கைப்பிடி வெல்லம்

குழந்தைக்குப் பேதி ஆனால் பல வீடுகளில் முதலில் கேட்கும் குரல் இதுதான்: "தண்ணி குடுக்காதே, இன்னும் போகும்!" அக்கறையில் சொல்வதுதான். ஆனால் குழந்தையின் உயிரை வாங்குவது பெரும்பாலும் பேதி அல்ல, உடம்பிலிருந்து நீரும் உப்பும் வற்றிப்போவது.

இந்த எண்ணத்தை மாற்ற முடியுமா? முடியும் என்று காட்டியது பங்களாதேஷ்.

அங்கே பிராக் என்ற தொண்டு நிறுவனம் 1980 முதல் 1990 வரை ஒரு வேலை செய்தது. பெண் பணியாளர்கள் வீடு வீடாகப் போய் தாய்மார்களுக்கு உப்பு-வெல்லக் கரைசல் செய்யக் கற்றுக்கொடுத்தார்கள். மூன்று விரலால் எடுத்த ஒரு சிட்டிகை உப்பு, ஒரு கைப்பிடி வெல்லம், அரை சேர் தண்ணீர். அவ்வளவுதான்! இனிப்புச் சத்து உப்பையும் நீரையும் குடல் வழியே உடம்புக்குள் இழுத்துக்கொள்ள உதவுகிறது. 1 கோடியே 20 லட்சம் வீடுகளுக்கும் மேல் போனார்கள்.

வணிகவியல் படிப்பவர்கள் கவனிக்க வேண்டியது சம்பள முறையை. எத்தனை வீட்டுக்குப் போனாய் என்று பார்த்துக் கூலி தரவில்லை. சில வாரங்கள் கழித்து வேறொருவர் போய், தாய்க்கு எவ்வளவு நினைவிருக்கிறது, கரைசலைச் சரியாகச் செய்கிறாரா என்று சோதிப்பார். அதை வைத்துத்தான் கூலி! கற்றவர் மறந்தால் நஷ்டம் கற்பித்தவருக்கு.

அப்படியும் ஒரு சிக்கல் வந்தது. தாய்மார்களுக்குச் செய்முறை தெரிந்தது, ஆனால் பலர் குழந்தைக்குக் கொடுக்கவில்லை. விசாரித்தால், கற்பித்த பணியாளர்களிலேயே பலருக்குக் கரைசலில் நம்பிக்கை இல்லை! தங்களுக்குப் பேதி வந்தால் மாத்திரை போட்டுக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கு நம்பிக்கை வரவைத்த பிறகு, வீட்டு ஆண்களிடமும் பேசத் தொடங்கிய பிறகுதான் நிலைமை மாறியது.

இந்தியாவில்? 2019-21 தேசிய குடும்ப நல ஆய்வின்படி, பேதி வந்த 5 வயதுக்குட்பட்ட குழந்தைகளில் சுமார் 61% பேருக்குத்தான் ஓ.ஆர்.எஸ். பாக்கெட் கிடைத்தது. துத்தநாக மாத்திரை கிடைத்தது மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. இரண்டுமே விலை குறைந்த பொருட்கள்தான்.

"படிக்காத தாய், அதான்" என்று பழி போடுவது சுலபம். ஆனால் அவருக்கு யார், எப்படிச் சொன்னார்கள்? ஒரு லிட்டர் பாக்கெட்டை ஒரு லிட்டர் நீரில் முழுதாகக் கரைக்க வேண்டும், ஒரு டம்ளரில் கொட்டக்கூடாது. தாய்ப்பாலையும் சாப்பாட்டையும் நிறுத்தக்கூடாது. துத்தநாகத்தை, பேதி நின்றாலும் 10 முதல் 14 நாள் தர வேண்டும். மலத்தில் ரத்தம், குழி விழுந்த கண், குடிக்க முடியாத சோர்வு என்றால் உடனே ஆஸ்பத்திரி. இதைச் சுவரில் எழுதி வைத்தால் மட்டும் போதாது. எதிரில் உட்கார்ந்து, அவர் கையாலேயே ஒருமுறை கலக்க வைக்க வேண்டும்.

தாய்க்குத் தெரியவில்லை என்றால், அது சொல்லிக்கொடுத்தவர் வாங்கிய மதிப்பெண். பிராக் அதைச் சம்பளச் சீட்டிலேயே எழுதியது. மற்றவர்களும் எழுதலாமே!