கூடாரச் சந்தாவும் ஆய்வாளரின் மாதக் கணக்கும்

இரண்டு வாரங்களாக எங்கள் ஆய்வாளர் விடுதியின் வாட்ஸ்அப் குழுவில் ஒரு விளம்பரம் வலம்வருகிறது. தனியார் முகாம் மன்றம் ஒன்று மாணவர்களுக்கெனச் சலுகை அறிவித்திருக்கிறது. ஐந்தாண்டுச் சந்தாவை இப்போதே செலுத்திவிட்டால், அதன் கூடாரத் தளங்களில் பாதி வாடகைக்குத் தங்கலாமாம். மன்றத்தின் பெயர் இங்கே தேவையில்லை. இதே வாய்பாட்டில் இயங்குபவை பல உண்டு. "அக்கா, நீங்கள் பொருளியல் படிப்பவர்தானே, சேரலாமா?" என்று இளையவர்கள் மூவர் கேட்டார்கள். குழுவில் எழுதத் தொடங்கிய விடை நீண்டுவிட்டபடியால் இங்கே இடுகிறேன். நெடிய பதிவு, பொறுத்தருள்க.

முதலில் எல்லாரும் போடும் கணக்கைப் போட்டுவிடுவோம். சந்தா 12,000 ரூபாய் என்றும், கூடாரத்தின் ஓரிரவு வாடகை 1,200 ரூபாய் என்றும் வைத்துக்கொள்வோம். உறுப்பினருக்கு இரவொன்றுக்கு 600 ரூபாய் மிச்சம். இருபது இரவுகள் தங்கினால் போட்ட பணம் திரும்பிவிடும். ஐந்தாண்டில் இருபது என்றால் ஆண்டுக்கு நான்கே இரவுகள். "நான்கு இரவுகூடவா போகமாட்டோம்?" என்ற எண்ணம் நமக்குள் எழும் கணத்தில் விற்பனை முடிந்துவிடுகிறது. கணக்கில் பிழை ஏதுமில்லை. அந்த 'நான்கு' என்ற எண்ணை யார் தருகிறார் என்பதே கேள்வி. அதைத் தருபவர் இன்றைய நாம் அல்லர். நெறியாளர் திருத்தச் சொன்ன இயலை முடித்துவிட்டு, கையில் பணமும் மனத்தில் அமைதியும் கொண்டு நிற்கும் ஒரு கற்பனை மனிதர்.

இந்தக் கற்பனை மனிதரைப் பற்றி நல்லதோர் ஆய்வு உண்டு. ஸ்டெஃபானோ டெல்லாவிக்னாவும் உல்ரிக்கே மால்மென்டியரும் அமெரிக்காவின் மூன்று உடற்பயிற்சி நிலையங்களில் ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட உறுப்பினர்களின் வருகைப் பதிவுகளை ஆராய்ந்து 2006ஆம் ஆண்டு வெளியிட்டார்கள். மாதம் 70 டாலருக்கு மேல் சந்தா கட்டியவர்கள் சராசரியாக மாதத்துக்கு 4.3 முறைதான் போனார்கள். ஒரு வருகைக்கு 17 டாலருக்கு மேல் விழுந்தது. சந்தாவே இல்லாமல், பத்து வருகைக்கான சீட்டை வாங்கியிருந்தால் ஒவ்வொன்றும் 10 டாலரில் முடிந்திருக்கும். உடற்பயிற்சி நிலையமாவது வீட்டுக்கு அருகில் இருப்பது. கூடாரத் தளத்துக்கு இரவுப் பேருந்து ஏறவேண்டும்.

"முன்கூட்டிப் பணம் கட்டினால்தான் போவோம், அந்த உறுத்தலே நம்மைத் தள்ளும்" என்று ஒரு தம்பி குழுவில் வாதிட்டார். புறந்தள்ளத்தக்க வாதமன்று. ஆர்க்ஸ், புளூமர் இருவரும் 1985இல் வெளியிட்ட ஆய்வு இதற்குப் பாதி ஆதரவு தருகிறது. ஒஹாயோ பல்கலைக்கழக நாடகப் பருவத்துக்குச் சீட்டு வாங்க வந்தவர்களில் சிலருக்கு எதிர்பாராத தள்ளுபடி தந்து, பிறரிடம் முழு விலையான 15 டாலரை வாங்கினார்கள். முழு விலை தந்தவர்கள் பருவத்தின் முற்பாதியில் கூடுதலான நாடகங்களுக்கு வந்தார்கள். பிற்பாதியில் அந்த வேறுபாடு தேய்ந்துபோயிற்று. கட்டிய பணத்தின் உறுத்தல் சில மாதங்களிலேயே மங்குமென்றால், ஐந்தாண்டுச் சந்தாவின் நான்காம் ஆண்டில் அது நம்மை எங்கே தள்ளப்போகிறது?

இனி நமக்கே உரிய நிலைமைக்கு வருவோம். 2023 தொடக்கத்திலிருந்து இளநிலை ஆய்வு உதவித்தொகை மாதம் 37,000 ரூபாய், முதுநிலை 42,000. மத்தியப் பல்கலைக்கழகங்களில் நெட் உதவித்தொகை இல்லாத முனைவர் பட்ட ஆய்வாளருக்கு 8,000. ஒரே விடுதியில், ஒரே மேசையில் உண்ணும் இருவரில் ஒருவருக்கு 12,000 ரூபாய்ச் சந்தா என்பது மாத வரவில் மூன்றில் ஒரு பங்கு. மற்றவருக்கு ஒன்றரை மாத வாழ்க்கை. 'மாணவர் சலுகை' என்ற சொல் இவ்விருவரையும் ஒரே தட்டில் வைக்கிறது. தொகை மாதந்தவறாமல் வருவதில்லை என்பதை இந்தப் பதிவைப் படிப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. விடுப்போ, ஆண்டுக்கு அதிகபட்சம் முப்பது நாள். ஊரில் திருமணம், திருவிழா, பெற்றோரின் மருத்துவம் ஆகிய எல்லாம் அதற்குள்தான். ஹைதராபாத்திலிருந்து இமாசலத்தின் பார்வதிப் பள்ளத்தாக்குக்குச் செல்பவர் தில்லி வரையில் ரயிலிலேயே ஒரு பகலும் ஓர் இரவும் கழிக்கிறார். பிறகு மலைப்பாதையில் இன்னுமோர் இரவு. இத்தனைக்கும் பிறகு கூடார வாடகையில் மிச்சமாகும் 600 ரூபாயை வைத்து முடிவெடுப்பது வேடிக்கை.

விளம்பரத்தில் 'எப்போது வேண்டுமானாலும்' என்றொரு தொடர் வருகிறது. ஜேம்ஸ் புக்கானன் 1965இல் எழுதிய மன்றங்களைப் பற்றிய பொருளியல் கட்டுரை நினைவுக்கு வருகிறது. உறுப்பினர் கூடக்கூடச் செலவு பங்கிடப்படும்; ஒரு கட்டத்துக்குப் பின் நெரிசல் அந்த மிச்சத்தை விழுங்கிவிடும். தசரா விடுமுறையும் டிசம்பர்க் கடைசி வாரமும் எல்லா உறுப்பினருக்கும் ஒன்றாகவே வருகின்றன. மாதச் சம்பளக்காரர்களைப்போல் நாம் வாரக்கடைசிக்குக் கட்டுண்டவர்கள் அல்லர். பிப்ரவரி மாதத்துச் செவ்வாய்க்கிழமையிலும் கிளம்ப நம்மால் முடியும். ஆனால் அந்தச் செவ்வாய்க்கிழமையில் பல தளங்கள் காலியாகவே கிடக்கும். பேசிப் பார்த்தால், உறுப்பினரல்லாதவருக்கும் வாடகையைக் குறைப்பார்கள்.

அப்படியானால் எந்தச் சங்கத்திலும் சேரவேண்டாம் என்கிறேனா? இல்லை. 1901இல் இங்கிலாந்தில் தாமஸ் ஹைரம் ஹோல்டிங் என்ற தையற்காரர் மிதிவண்டியில் சென்று முகாமிடுவோருக்கென ஒரு சங்கம் கண்டார். இன்றைய கூடாரச் சங்கங்களின் முன்னோடிகளுள் ஒன்று அது. ஜெர்மனியில் ரிச்சர்ட் ஷிர்மான் என்ற பள்ளி ஆசிரியர், மாணவர்களோடு நடைப்பயணம் போனபோது புயல்மழையில் சிக்கி ஒரு பள்ளிக்கூடத்தில் இரவைக் கழிக்க நேர்ந்தது. 1909இல் நடந்த அந்த நிகழ்ச்சியிலிருந்துதான் இளையோர் விடுதி இயக்கம் முளைத்தது. இந்திய இளையோர் விடுதிகள் சங்கம் அதன் கிளைதான். இவ்வகைச் சங்கங்களில் சந்தா என்பது தள்ளுபடிச் சீட்டு மட்டுமன்று. யாரோ ஒருவர் ஊதியமின்றி முகாம் தலைவராக வருகிறார். நேற்று வந்தவர் இன்று வருபவருக்குக் கயிறு கட்டக் கற்றுத்தருகிறார். சங்கம் நம்மிடமும் ஏதேனும் வேலை எதிர்பார்க்கிறதா என்று பார்த்தால், அது எவ்வகை என்று பெரும்பாலும் தெரிந்துவிடும்.

இன்னொன்றும் உண்டு. இதை எந்தக் கணக்கும் தொடுவதில்லை. என்னைப் போன்ற பெண்கள் பலருக்கு மலைக்குப் போவதில் பெருந்தடை பணமன்று. "யாரோடு போகிறாய், எங்கே தங்குவாய், அங்கே பொறுப்பு யார்?" என்ற கேள்விகளுக்கு வீட்டில் சொல்ல ஒரு விடை வேண்டும். அடிவார முகாமின் முகவரி, தொலைபேசி எண், பெண்களுக்குத் தனிக் கூடாரம், பணம் கட்டிய ரசீது: இவ்வளவும் ஒரு தாளில் இருந்தால், பொழுது சாய்ந்தபின் வெளியே அனுப்பாத அப்பாவும் ரயிலடிக்கு வந்து வழியனுப்புகிறார். நான் முதன்முதலில் பனியைக் கண்டது அப்படியொரு தாளின் தயவால்தான். அந்த ஆண்டுச் சந்தாவில் நான் பயன்படுத்தியது ஒரே ஒரு பயணம். இருபது இரவுக் கணக்கின்படி அது நட்டம். அண்ணனுக்கு அந்தத் தாள் தேவைப்படவில்லை. நண்பனின் பைக்கில் ஏறிப் போய்வந்தான். ஒரே சந்தா இருவருக்கு இரு விலை என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியாது. மலையையோ காட்டையோ பொழுதுபோக்காகக் கண்டிராத குடும்பங்களிலிருந்து முதல் தலைமுறையாகப் படிக்க வந்த ஆண்களுக்கும் இது ஓரளவு பொருந்தும். எந்தக் காலணி, எவ்வளவு குளிர், மூச்சு முட்டினால் என்ன செய்வது என்று சொல்ல வீட்டில் ஒருவருமில்லாதவருக்குச் சங்கம் அந்த மூத்தவராகிறது.

ஆகவே கேட்ட மூவருக்கும் என் விடை இது. ஐந்தாண்டுச் சந்தா வேண்டாம். ஆய்வேட்டைக் கொடுத்தபின் நாம் எந்த ஊரில் இருப்போம் என்பதே தெரியாதபோது, எந்தத் தளத்தில் தூங்குவோம் என்பதற்கு இன்று விலை கொடுப்பானேன்? தேதி குறித்து, விடுப்புக் கடிதத்தில் கையெழுத்தும் வாங்கிவிட்ட ஆண்டில், தன்னார்வலர் நடத்தும் சங்கமொன்றில் ஓராண்டுக்கு மட்டும் சேருங்கள். ஒரு பயணம் போய்வந்தாலே போதும். கயல்விழிக்கு மட்டும் தனியாக: வீட்டில் பேசவேண்டுமென்றால் நான் பேசுகிறேன், எண்ணைக் கொடு.

விளம்பரத் தொகையை ஐவர் சேர்த்தால் இரண்டு நல்ல கூடாரங்களும் ஒரு சமையல் அடுப்பும் வாங்கி விடுதி அறையில் வைத்துவிடலாம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். அடுத்து வரும் ஆய்வாளர்களுக்கும் அவை பயன்படும்; புக்கானனின் மன்றம் விடுதியின் மூன்றாம் மாடியிலேயே இயங்கும். மூசி ஆறு பிறக்கும் அனந்தகிரி மலை இங்கிருந்து எண்பது கிலோமீட்டருக்குள்தான். விகாராபாத் வரை ரயில் இருக்கிறது. காட்டுக்குள் இரவு தங்க வனத்துறையின் அனுமதி வேண்டும், அதை முன்னதாகவே பெறவேண்டும். கூடாரத்துக்குப் பங்கு தர விரும்புவோர் வெள்ளிக்கிழமை இரவு உணவுக்குப்பின் மூன்றாம் மாடி வாசிப்பறைக்கு வரலாம். 8,000 ரூபாயில் இருப்பவர்களிடம் பங்கு வாங்குவதாக இல்லை.