கூப்பிட்டா திரும்பலையா? திட்டுறதுக்கு முன்னாடி காதைப் பாருங்க!

தோழர்களே, இன்னைக்கு மீம் இல்லை, யாருக்கும் பதிலடியும் இல்லை. நம்ம வீட்டுக் குழந்தைகளோட காது பத்தின பதிவு. முழுசா படிச்சிட்டு ஷேர் பண்ணுங்க.

எங்க அக்கா பையனுக்கு அப்போ நாலரை வயசு. அரக்கோணத்துல தண்டவாளத்தை ஒட்டின வீடு. ரயில் ஹாரன் கேட்டா ஜன்னலுக்கு ஓடுவான். ராஜாளி தளத்து விமானம் பறந்தா மொட்டை மாடிக்கு ஓடுவான். அதனால காதுல குறை இருக்கும்னு யாருக்குமே தோணல. ஆனா பின்னாடி நின்னு கூப்பிட்டா திரும்ப மாட்டான். டிவி சத்தத்தைக் கூட்டிக்கிட்டே போவான். பள்ளியில "கவனமே இல்ல"ன்னு கடைசி வரிசையில உட்கார வச்சாங்க. நானும் ஒருநாள் முதுகுல ஒண்ணு வச்சேன். இப்ப நினைச்சாலும் சங்கடமா இருக்கு.

வலி இல்லை, காய்ச்சல் இல்லை, சீழும் இல்லை. பாட்டி பூண்டு எண்ணெய் காய்ச்சி ஊத்தினாங்க. (தயவுசெஞ்சு இதைச் செய்யாதீங்க. பிரச்சினை இருக்கிறது செவிப்பறைக்கு அந்தப் பக்கம்.) கடைசியில காது டாக்டர் ஒரு சின்ன முனையைக் காதுல வச்சு, காற்றழுத்தத்தை ஏத்தி இறக்கிப் பார்த்தார். வலியே இல்லாத சோதனை, சில நொடிதான். நான் ஈசிஇ படிச்சவன், கிராஃபைப் பார்த்ததும் புரிஞ்சுது. நடுவுல மலை மாதிரி எழும்ப வேண்டிய கோடு தரையோட படுத்திருந்தது. செவிப்பறை அசையல. பின்னால நீர்.

நடுக்காதையும் மூக்கின் பின்பக்கத்தையும் ஒரு சின்னக் குழாய் இணைக்குது. குழந்தைகளுக்கு அது குட்டையா, கிட்டத்தட்ட படுக்கை வாட்டத்துல இருக்கும். சளியாலோ, மூக்குக்குப் பின்னால வீங்கின சதையாலோ அது அடைச்சா காற்று போகாது, நீர் தேங்கிடும். கேட்கும் திறன் பொதுவா 20 முதல் 30 டெசிபல் குறையும். ஹாரன் கேட்கும். ஆனா டீச்சர் சொல்றது 'கல்'லா 'பல்'லான்னு பிரியாது. எழுத்து கத்துக்கிற வயசுல இது சின்ன இழப்பா?

படுக்க வச்சு பாட்டில்ல பால் கொடுக்கிறதும் ஒரு காரணம்னு சொல்வாங்க. உண்மைதான். ஆனா விடியக்காலையில ராணிப்பேட்டை, ஆம்பூர் ஷூ கம்பெனிக்கு பஸ் பிடிக்கிற அம்மாவைக் குறை சொல்ல வேணாம். வீட்டுக்குள்ள நாம விடுற பீடி, சிகரெட் புகையும் அதே பட்டியல்ல இருக்கு!

பெரும்பாலான குழந்தைகளுக்கு 3 மாசத்துல தானா வடிஞ்சிடும். எங்க பையனுக்கும் அப்படித்தான். சளி மருந்தும் ஆன்டிபயாட்டிக்கும் இதுக்குப் பெருசா உதவாது. கடையில நீங்களா வாங்கிக் கொடுக்காதீங்க. அதுவரைக்கும் முகத்தைப் பார்த்துப் பேசுங்க, முதல் வரிசையில உட்கார வைக்கச் சொல்லுங்க. 3 மாசம் கழிச்சும் நீர் இருந்து, கேட்கிறதும் குறைஞ்சிருந்தா, செவிப்பறையில குரோமெட்னு ஒரு குட்டிக் குழாய் வைக்கிறது பத்தி டாக்டர் முடிவு பண்ணுவார். உதட்டுப் பிளவு, அண்ணப் பிளவு, டவுன் சிண்ட்ரோம் உள்ள குழந்தைகளுக்கு இந்தப் பிரச்சினை அதிகம், அவங்களைக் காத்திருக்க வைக்காம சீக்கிரமே காட்டுங்க.

இப்ப அரசியலுக்கு வர்றேன். 2013-ல தொடங்கின தேசிய குழந்தைகள் நலத் திட்டத்துல (ஆர்பிஎஸ்கே) பார்க்க வேண்டிய குறைபாடுகள்ல நடுக்காது அழற்சியும் இருக்கு, கேட்கும் குறையும் இருக்கு. நடமாடும் மருத்துவக் குழு அங்கன்வாடிக்கு வருஷத்துக்கு 2 தடவையும், அரசுப் பள்ளிக்கு ஒரு தடவையும் வரணும். காகிதத்துல எல்லாம் சரி. ஆனா சீழ் வடியாத இந்த நீர் டார்ச் வெளிச்சத்துல பல நேரம் சிக்காது. உயரம், எடை எழுதிட்டுப் போனா போதாது. அந்த அழுத்தச் சோதனைக் கருவி அரக்கோணம், சோளிங்கர் மாதிரி தாலுகா மருத்துவமனைகள்ல தினமும் இயங்கணும். யார் ஆட்சியா இருந்தாலும் நாம கேட்க வேண்டியது இது.

உங்க தெரு அங்கன்வாடிக்குக் குழு கடைசியா எப்போ வந்துச்சு, காதைப் பார்த்தாங்களான்னு விசாரிச்சு, ஊர் பேரோட கமெண்ட்ல போடுங்க. குழந்தை பேர், போட்டோ வேணாம். எல்லாத்தையும் தொகுத்து மாவட்ட ஆட்சியர்கிட்ட மனுவா கொடுக்கிறோம்.

– தகவல் தொழில்நுட்ப அணி, அரக்கோணம்