படத்தில் பார்த்த நிறம் தறியில் வருமா?

கல்யாணப் புடவைக்கு நிறம் தேடி இப்போது கடை கடையாக ஏற வேண்டியது இல்லை. ஒரு மயிலின் போட்டோ போதும். குளத்தில் பூத்த தாமரையின் போட்டோ போதும். அதைச் செல்போனில் காட்டினால், கண் மூடித் திறப்பதற்குள் ஐந்து நிறங்கள் வரிசையாக வந்து நிற்கின்றன! "இது உடல், இது கரை, இது முந்தானை" என்று பெண் வீட்டார் முடிவு செய்து விடுகிறார்கள். படம் நெசவாளருக்குப் போகிறது. பட்டு நூல் சாயத்தில் முங்குகிறது.

சில வாரங்கள் கழித்துப் புடவை வருகிறது. பிரித்துப் பார்த்தவர்களுக்கு முகம் சுருங்குகிறது. "நாங்கள் கேட்ட நிறம் இது அல்லவே!"

குற்றம் யாருடையது? சாயம் போட்டவர் தலையில்தான் பழி விழுகிறது. இது நியாயம் அல்ல.

படத்தில் இருந்து நிறம் எடுப்பது நல்ல வழிதான். வீட்டுச் சுவர், கல்யாணப் பத்திரிகை, கடைப் பலகை, புத்தக அட்டை என்று எத்தனையோ வேலைகளுக்கு இன்று இந்த வழி பயன்படுகிறது. ஒரு பூவிலோ பறவையிலோ சேர்ந்து இருக்கும் நிறங்கள் பெரும்பாலும் கண்ணை உறுத்துவது இல்லை. அதைப் பார்த்துக் கற்றுக்கொள்வதில் என்ன தவறு? செல்போன் சொன்னதே முடிவு என்று நினைப்பதுதான் தவறு.

செல்போன் எப்படி எடுக்கிறது?

செல்போனில் இருக்கும் படம், லட்சக்கணக்கான சிறு புள்ளிகளின் கூட்டம். ஒவ்வொரு புள்ளிக்கும் மூன்று எண்கள் உண்டு. சிவப்பு எவ்வளவு, பச்சை எவ்வளவு, நீலம் எவ்வளவு என்று அவை சொல்லும். ஒவ்வொரு எண்ணும் 0 முதல் 255 வரை இருக்கலாம். இந்தக் கணக்கில் 1 கோடியே 67 லட்சத்து 77 ஆயிரத்து 216 நிறங்களைக் குறிக்க முடியும்.

இத்தனையில் ஐந்தை மட்டும் எப்படிப் பொறுக்குவது?

ஒரு காலத்தில் பல கம்ப்யூட்டர் திரைகளில் ஒரே சமயத்தில் 256 நிறங்களுக்கு மேல் காட்ட முடியாது. அதற்காகவே பால் ஹெக்பர்ட் என்ற அமெரிக்கர் 1982-ம் ஆண்டு ஒரு வழியை வெளியிட்டார். படத்தின் புள்ளிகளை எல்லாம் நிறவாரியாக ஒரு பெட்டியில் அடுக்குவதாக வைத்துக்கொள்ளுங்கள். ஒன்றுக்கொன்று நெருங்கிய நிறங்கள் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும. இரண்டு பக்கமும் சம எண்ணிக்கையில் புள்ளிகள் இருக்கும்படி பெட்டியை வெட்ட வேண்டும். வெட்டிய துண்டுகளை மீண்டும் வெட்ட வேண்டும். கடைசியில், ஒவ்வொரு துண்டிலும் உள்ள நிறங்களுக்குச் சராசரி பார்க்க வேண்டும். அவ்வளவுதான்! அந்தச் சராசரிகளே எடுத்த நிறங்கள். இன்றைய செல்போன்களிலும் இந்த வழியோ, இதைப் போன்ற வேறு வழிகளோதான் வேலை செய்கின்றன.

கணக்கு சரி. கண்ணுக்குச் சரியா?

பச்சைப் புடவை கட்டிய ஒரு தாயின் படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். நெற்றியில் குங்குமப் பொட்டு. பார்ப்பவர் கண் முதலில் அந்தச் சிவப்பில்தான் போய் நிற்கும். ஆனால் படத்தில் அதற்கு உள்ள புள்ளிகள் மிகக் கொஞ்சம். சராசரியில் அது கரைந்து போய்விடும். செல்போன் தரும் ஐந்து நிறங்களில் பச்சை இருக்கும், பச்சையின் நிழல் இருக்கும், பின்னால் உள்ள சுவரின் சாம்பல் இருக்கும். குங்குமத்தைக் காணோம்!

ஆகவே, எது எவ்வளவு இடத்தை அடைத்திருக்கிறது என்று எண்ணுவதை யந்திரத்திடம் விடலாம். எது கண்ணை இழுக்கிறது என்று மனிதர்தான் சொல்ல வேண்டும். அளவும் முக்கியம். பொட்டளவு இருந்த சிவப்பு, உடல் முழுவதும் வந்தால் அது வேறு புடவை.

மயில் கழுத்தின் ரகசியம்

நெசவாளர்கள் "மயில் கழுத்து" என்று ஒரு நிறத்தைச் சொல்வார்கள். உண்மையில் அது ஒரு நிறம் அல்ல. பாவு ஒரு நிறம், ஊடை ஒரு நிறம். நீலமும் பச்சையும் ஒன்றை ஒன்று வெட்டிச் செல்லும்போது, துணி மடியும் பக்கம் எல்லாம் நிறம் மாறுகிறது. செல்போன் அதைப் பார்த்தால் இரண்டுக்கும் நடுவில் ஒரு நிறத்தைச் சொல்லும். அந்த ஒரே நிறத்தில் நூலைத் தோய்த்து நெய்தால் மயில் கழுத்து வராது. மயிலும் அப்படித்தான். அதன் இறகில் நீலச் சாயம் என்று ஒன்றும் கிடையாது. இறகின் நுண்ணிய அமைப்பில் ஒளி பட்டுத் திரும்பும்போது தோன்றும் நிறம் அது.

படமே உண்மை சொல்லும் என்று நம்பவும் முடியாது. உலகின் முதல் கலர் போட்டோ 1861-ம் ஆண்டு மே 17-ந் தேதி லண்டனில் காட்டப்பட்டது. மாக்ஸ்வெல் என்ற விஞ்ஞானி, ஒரு வண்ண ரிப்பனைச் சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய வடிகட்டிகள் வழியாகத் தனித்தனியே படம் எடுக்கச் செய்தார். மூன்றையும் ஒரே திரையில் ஒன்றின் மேல் ஒன்றாக விழச் செய்தார். ரிப்பன் நிறத்தோடு தெரிந்தது! ஆனால் அந்தக் காலத்துத் தகடுகளில் சிவப்பு பதியவே பதியாது. பிறகு எப்படி வந்தது? 1961-ம் ஆண்டு கோடாக் கம்பெனி ஆராய்ச்சியாளர்கள் விடை சொன்னார்கள். ரிப்பனின் சிவப்புப் பகுதியில் இருந்து, கண்ணுக்குத் தெரியாத புற ஊதா ஒளியும் வந்திருக்கிறது. தகட்டில் பதிந்தது அதுதான்! 100 ஆண்டுகள் வரை இது தெரியாமலே இருந்தது.

இன்றைய கேமரா அவ்வளவு ஏமாற்றுவது இல்லை. ஆனாலும் மஞ்சள் விளக்கின் கீழ் எடுத்தால் ஒரு நிறம், மர நிழலில் எடுத்தால் ஒரு நிறம். போதாக்குறைக்குக் கேமரா தானாகவே வெளிச்சத்தைத் திருத்திக்கொள்கிறது. செல்போன் திரை ஒளியை வீசுகிறது. பட்டு அப்படி அல்ல, விழும் ஒளியைத் திருப்பித் தருகிறது. இரண்டும் ஒன்றாக எப்படி இருக்கும்?

கருப்பு வெளுத்தது!

பாரிஸ் நகரில் கோபலின் என்ற புகழ் பெற்ற அரசாங்க நெசவுச் சாலை உண்டு. 1824-ம் ஆண்டு அங்கே சாயப் பகுதிக்குத் தலைவராக வந்தவர் செவ்ரூல் என்ற ரசாயன நிபுணர். (இவர் 102 வயது வரை வாழ்ந்தவர்.) கருப்புச் சாயம் வெளிறித் தெரிகிறது என்று அங்கே புகார் எழுந்தது. வழக்கம் போலச் சாயக்காரர்கள் மேல்தான் பழி! செவ்ரூல் வேறு இடங்களில் இருந்து கருப்பு நூலை வரவழைத்து ஒப்பிட்டுப் பார்த்தார். சாயத்தில் குறை இல்லை. நீலத்துக்கும் ஊதாவுக்கும் பக்கத்தில் வைத்து நெய்ததால்தான் கருப்பு மங்கித் தெரிந்தது. பக்கத்து நிறம் இந்த நிறத்தை மாற்றிக் காட்டுகிறது என்று விளக்கி, 1839-ல் பெரிய புத்தகம் ஒன்றும் வெளியிட்டார்.

காஞ்சீபுரம் புடவைக்கும் இது பொருந்தும். அங்கே உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம். மாம்பழ மஞ்சள் உடலுக்கு அருகில் இருக்கும் அரக்கும், கிளிப்பச்சைக்கு அருகில் இருக்கும் அரக்கும் ஒரே தொட்டியில் தோய்ந்தவையாக இருந்தாலும் ஒன்று போலத் தெரியாது. செல்போனில் நிறங்களைத் தனித்தனிக் கட்டங்களாகப் பார்த்து முடிவு செய்பவர்களுக்கு இது தெரிவது இல்லை.

என்ன செய்யலாம்? படம் எடுக்கும்போது பக்கத்தில் ஒரு வெள்ளைக் காகிதத்தை வைத்து, பகல் வெளிச்சத்தில் எடுக்கலாம். காகிதம் மஞ்சளாகத் தெரிந்தால் மற்ற நிறங்களும் மாறியிருக்கின்றன என்று பொருள். நிறத்தை எடுத்த பிறகு, சாயம் போட்ட நூல் துண்டுகளை ஒன்றோடு ஒன்று சேர்த்து வைத்துப் பார்க்க வேண்டும். அதுவும் வாசலில் நின்று பார்க்க வேண்டும். கடை விளக்கில் ஒன்றாகத் தெரியும் இரண்டு சாயங்கள், வெயிலில் வேறு வேறாகத் தெரிவது உண்டு. புடவையைத் தூக்கிக்கொண்டு கடை வாசலுக்கு வரும் பெண்களைச் சிலர் கேலி செய்கிறார்கள். அவர்கள் செய்வதே சரி!

பாவு நூல் ஒருமுறை சாயத்தில் முங்கினால் பழையபடி ஆக்க முடியாது. பட்டின் விலையும், நெசவாளர் குடும்பத்தின் பல நாள் உழைப்பும் அதில் இருக்கிறது. படத்தைக் காட்டி ஆர்டர் கொடுப்பவர்கள், பாவு ஓடும் முன்பே நூல் சாம்பிளைக் கேட்டு வாங்கிப் பார்த்துச் சம்மதம் சொல்ல வேண்டும். அந்த நூலை இரண்டாக வெட்டி, ஆர்டர் சீட்டில் ஒன்றும், தறிக்காரரிடம் ஒன்றுமாக வைத்துக்கொள்ளட்டும். புடவை வந்த பிறகு சண்டை வந்தால், செல்போனை ஓரமாக வைத்துவிட்டு அந்த நூலை எடுத்துப் பார்க்கலாம்.